சுழல் சாணையும் செந்தமிழ் மாணவனும்

தமிழ் பயில்வோனுக்கும் தகடறுக்கும் கருவிக்கும் யாது தொடர்பு என்று இத்தலைப்பைக் கண்டோர் வினவுதல் கூடும். இயற்பியற் பகுதியினர் எழுதற்குரிய பொருளை இலக்கியப் பகுதியினன் எடுத்துக்கொண்டமை, உழவன் வலையெடுத்துக் கடல் புகுந்தது போலும் எனச் சிலர் முறுவலிக்கவுங் கூடும். ஆயினும், கற்றாரும் கற்பாருமாகிய நம் கல்லூரிக் குழுவினர் சிறிது பொறுமையுடன் இதனைப் படிப்பாராயின், அத்தொடர்பு வலிந்து கொண்டதன்று என்பதையும், அதனை நாம் மறந்திருந்தமையால் ஓர் இளைஞனின் கண் போவதற்கிருந்தது என்பதையும் உணர்வர் என்னுந் துணிவுடன் இக்கட்டுரையை எழுதப் புகுகின்றேன்.

யான் குறிப்பிடுங் கருவி, கைக்குள் அடங்கும் சிறு மின்சாரச் சுழல் கருவியாகும். கடைத்தெருவில் இதனை 'ரோட்டரி டூல்' என்றும், 'மினி கிரைண்டர்' என்றுஞ் சொல்லி வாங்குவர். 'டிரெமல்' என்று அழைப்பாரும் உளர். டிரெமல் என்பது ஒருவர் பெயர். ஆஸ்திரியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆல்பர்ட் டிரெமல் என்பார், 1932ஆம் ஆண்டு விஸ்கான்சின் மாகாணத்து ரசீன் நகரில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1935இல் அங்கிருந்து வெளிவந்த கைக்கருவியே இவ்வினம் முழுமைக்கும் அவர் பெயரை வழங்கச் செய்தது. அந்நிறுவனம் 1993இல் ஜெர்மனி நாட்டு பாஷ் நிறுவனத்தின் வசமாயிற்று.

இக்கருவியின் உள்ளே ஒரு சிறு மோட்டாரும், முனையில் ஒரு கவ்வியும் உள. கவ்வியில் ஒரு மெல்லிய தண்டைச் செருகி, அத்தண்டின் தலையில் வேண்டியதைப் பொருத்திக்கொள்ளலாம். தகடறுத்தற்குப் பொருத்துவது 'கட்டிங் வீல்' எனப்படும் மெல்லிய வட்டு. இவ்வட்டு வாள் அன்று; இதற்குப் பற்கள் இல்லை. கடினமான துகள்களைப் பிசினாற் பிணைத்து வட்டமாக்கிய சாணையே இஃது. ஒவ்வொரு துகளும் தகட்டைச் சிறிது சுரண்டிச் செல்லும். அச்சுரண்டல் ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை நிகழ்தலால், அது நம் கண்ணுக்கு அறுப்பாகத் தோன்றுகின்றது.

ஈண்டுத் தமிழ் மாணவன் நின்று நோக்கற்பாலது ஒன்றுண்டு. சாணைக்குதவும் கடுங்கற்களுள் ஒன்றை ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்பர். அச்சொல் நம் 'குருந்தம்' என்னுஞ் சொல்லிலிருந்து சென்றதென அகராதியார் கூறுவர். கொங்குநாட்டுக் காங்கேயத்தை அடுத்த சிவன்மலைப் பகுதி அக்கல் கிடைக்கும் இடங்களுள் ஒன்று. 1891இல் அமெரிக்கரான எட்வர்ட் அச்சிசன் என்பார் மின்னுலையில் ஒரு புதிய கடும்பொருளை ஆக்கிக் கண்டபொழுது, அது கார்பனும் கொரண்டமும் கலந்ததெனக் கருதி, 'கார்போரண்டம்' எனப் பெயரிட்டார். அவர் கருத்துப் பிழையாயிற்று. அது சிலிக்கானும் கார்பனும் சேர்ந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அப்பெயரைத் தாங்கிய சாணைத் தொழில் நிறுவனம் ஒன்று 1954இல் நம் சென்னையிலேயே தோன்றியது. கடல் கடந்து சென்ற ஒரு தமிழ்ச் சொல் கார்பனோடு கூடி ஊர் திரும்பியதை, நம் மொழி வரலாற்று வகுப்பில் யான் கேட்டதில்லை. பட்டறையில் ஒரு சாணை வட்டின் உறையைப் படித்தபொழுதே அதனை ஆராயும் அவா எனக்கு உண்டாயிற்று.

சொல்லோடு அமையாது, பொருளுக்கும் இத்தொடர்பு செல்கின்றது. அகநானூற்றின் 24ஆம் பாட்டில், சங்கினை அரத்தால் அறுத்து வளையல் செய்வோன் ஒருவன் வருகின்றான். வளைகளை அறுத்தெடுத்தபின் எஞ்சிக் கிடக்கும் சங்கின் நுனி, இதழ் விரியாத பகன்றை அரும்புக்கு அங்கே உவமையாகின்றது. அப்புலவர் கண்டது விற்பனைக்கு வைத்த வளையலை அன்று; தொழிற்களத்தின் தரையிற் கிடந்த கழிவை. அக்களத்தினுள் புகுந்து, குனிந்து நோக்கியவனுக்கன்றி அவ்வுவமை வாய்த்தல் அரிது. அங்ஙனமே வள்ளுவரும் உட்பகை அதிகாரத்தில், அரத்தால் அராவப்பட்டுத் தேயும் பொன்னை உட்பகையுற்ற குடிக்கு உவமை கூறினார். இதனை யான் பலமுறை ஒப்பித்துள்ளேன், தேர்விலும் எழுதியுள்ளேன். ஆயினும், ஓர் அலுமினியத் தகட்டை யானே அரத்தால் அராவிய நாளிலேதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று. அராவும்பொழுது தகடு உடைவதில்லை, வளைவதுமில்லை, ஒவ்வோர் இழுப்பிலும் யாதும் குறைந்ததாகத் தோன்றுவதேயில்லை. கால் நாழிகை கழிந்து அளந்து பார்த்தால், ஒரு மில்லிமீட்டர் போயிருக்கும். மேசைமேல் பொடி மட்டும் கிடக்கும். குடி கெடுவதும் அவ்வாறே என்பதன்றோ அக்குறளின் கருத்து?

ஆகவே, கைத்தொழிற் பட்டறை இயற்பியலார்க்கு மட்டும் உரியது என்னும் எண்ணத்தை யான் மறுக்கின்றேன். நம் கல்லூரியில் கலைப் பிரிவு மாணவர் பட்டறையின் படியேறுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. ஏறும் வழக்கமும் இல்லை. அவ்வழக்கமின்மையின் பயனை இனிக் கூறுவேன். இதில் பிழை முற்றும் என்னுடையது. ஆதலின் பிறர்மேற் பழி கூறுவதாக யாரும் கொள்ளற்க.

சென்ற ஆண்டு விடுதி விழாவில் வினாடி வினாப் போட்டி ஒன்று நடைபெறவிருந்தது. முதலில் பொத்தானை அழுத்திய குழு எதுவென விளக்கெரிந்து காட்டும் பெட்டி ஒன்றைச் செய்வதென இயற்பியல் பயிலும் என் அறைத் தோழரும் யானும் முடிவு செய்தோம். பெட்டியின் முகத்திற்கு 2 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு. அதன் நடுவே எண்கள் தெரிதற்கு ஒரு நீள்சதுரச் சாளரம். சாளரத்திற்கு 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் கண்ணாடி. இரவல் பெற்ற சுழல் கருவியொன்று எம்மிடம் இருந்தது. விழாவிற்கு முந்தைய நாள் இரவு, விடுதி அறையின் படிப்பு மேசையே எமக்குப் பட்டறையாயிற்று.

கருவியின் வேகத்தை இறுதி எண்வரை திருகி வைத்தேன். பெட்டியிற் கண்காப்புக் கண்ணாடி ஒன்றே இருந்தது. அறுப்பவன் யானாதலின் அதனை யான் அணிந்தேன். தோழர் தகட்டைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். 'உமக்கும் ஒன்று வேண்டாவோ?' என்று யான் கேட்டேனல்லேன். இத்துணைச் சிறிய வட்டு யாரை என் செய்யும் என்பதே என் எண்ணம். சாளரத்தின் நான்காம் பக்கம் முடியுந் தறுவாயில், அறுபட்ட துண்டு தளர்ந்து சாய்ந்தது. வட்டு பிளவினுள் நெருக்குண்டது. நேரமாயிற்றென்று யான் கருவியைச் சிறிது திருப்பி அழுத்தினேன். ஒரு சிறு வெடியோசை. வட்டு இருந்த இடத்தில் தண்டு மட்டுமே சுழன்றுகொண்டிருந்தது. தோழர் முகத்தைப் பொத்திக்கொண்டு அமர்ந்துவிட்டார். வட்டின் சில்லொன்று அவரது இடப் புருவத்தைக் கிழித்திருந்தது. மருத்துவர் 3 தையல் இட்டார். 'அரை அங்குலம் கீழே பட்டிருந்தால்' என்று தொடங்கிய அவர், அவ்வாக்கியத்தை முடிக்கவில்லை.

இது நிகழ்ந்தது ஏன் என்பதை ஒரு சிறு கணக்குக் காட்டும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டின் சுற்றளவு ஏறத்தாழ 75 மில்லிமீட்டர். அது நிமிடத்திற்கு 30,000 முறை சுழன்றால், நொடிக்கு 500 முறையாகும். அஃதாவது, வட்டின் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 37 மீட்டர் செல்கின்றது. மணிக்கு 135 கிலோமீட்டர் எனலாம். உடைந்த சில்லு அவ்வேகத்துடனேயே புறப்படும். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை உணர இதனினுஞ் சிறந்த சான்று வேண்டா. கருவி பெரிதாயின் நாம் அஞ்சுவோம். அச்சம் நம்மைக் காக்கும். இது சிறிதாதலின் அஞ்சுவதில்லை. அதுவே இதன் கேடு.

அடுத்த வாரம் யான் தலைகுனிந்து கல்லூரிப் பட்டறைக்குச் சென்றேன். அங்குப் பணிபுரியும் அண்ணாச்சி யாதொன்றும் கடிந்துரைத்தாரல்லர். அதேபோன்ற தகடொன்றை எடுத்து வைத்து, முதலிலிருந்து கற்பித்தார். அவர் கற்பித்தவற்றுள் இன்றியமையாதவற்றை ஈண்டுத் தருகின்றேன்.

முதலாவது, அறுப்பவன் மட்டுமன்றி அருகில் நிற்பவனும் கண்காப்பு அணிதல் வேண்டும். வட்டு சுழலும் தளத்திற்கு நேரே எவர் முகமும் இருத்தலாகாது. கழுத்துத் துண்டும், தொங்கும் முழுக்கைச் சட்டையும் ஆகா. இரும்பை அறுக்கும்பொழுது தீப்பொறி சிதறுமாதலின், பெட்ரோலும் எண்ணெய்த் துணியும் அவ்விடத்தில் இருத்தலாகாது. பொடி நுரையீரலிற் புகாமற் காக்க முகமூடியும் வேண்டும். வட்டின்மேல் அது தாங்கும் மிகுதியான வேகம் குறிக்கப்பட்டிருக்கும். கருவியின் வேகம் அதனைக் கடத்தலாகாது. நாரிழை பொதிந்த வட்டு எளிதிற் சிதறாது. எம்முடையது நாரிழையற்ற, மண்ணோடு போல் நொறுங்கும் வகை.

இரண்டாவது, தகட்டை மனிதக் கை பற்றலாகாது. மேசையோடு கவ்வியாற் பிணித்தல் வேண்டும். அறுபடுந் துண்டு சாய்ந்து வட்டை நெருக்காதபடி அதற்கும் கீழே தாங்கல் கொடுத்தல் வேண்டும். தகட்டின்மேல் காகித நாடாவை ஒட்டி அதன்மேற் கோடு வரைந்தால், கோடும் தெளிவாகும், கீறலும் விழாது.

மூன்றாவது, ஆழ்ந்த ஓர் அறுப்பினும் மேலோட்டமான பல அறுப்பே நன்று. முதலில் கோட்டின்மேல் ஒரு வடு. பின்னர் அவ்வடுவே வட்டிற்கு வழிகாட்டும். யான் விரைந்து அழுத்திய ஒவ்வொரு முறையும் கருவியின் ஓசை தாழ்ந்தது. அண்ணாச்சி என் தோளைத் தொட்டு, "தம்பி, ஓடவேண்டியது சக்கரம்; நீங்க ஓடப்படாது" என்றார். அவ்வொரு வாக்கியத்தை யான் என் தேர்வு மேசையின்மேலும் எழுதி வைத்துள்ளேன்.

நான்காவது, சாளரம் அறுக்கும்பொழுது தகட்டின் பின்புறமிருந்து அறுத்தல் வேண்டும். வட்டு உருண்டையாதலின், நாம் நிற்கும் பக்கத்துப் பிளவு நீண்டும், அப்பக்கத்துப் பிளவு குறுகியும் இருக்கும். மூலைவரை அறுக்க முயன்றால் நம் பக்கத்தில் கோடு மூலையைத் தாண்டிவிடும். அத்தாண்டல் பின்புறத்தில் இருந்தால் எவர் கண்ணுக்கும் புலனாகாது. மேலும், கோட்டின்மேலேயே அறுக்காது, ஒரு மில்லிமீட்டர் உள்ளே அறுத்து, எஞ்சியதை அரத்தால் அராவி முடித்தல் வேண்டும். பிசிறு நீக்கி, மூலையைக் கூராக்குவது அரமேயன்றிச் சக்கரமன்று.

ஐந்தாவது, பொருளறிந்து வேகம் வைத்தல் வேண்டும். எஃகு மிகுந்த வேகத்தைத் தாங்கும். அலுமினியத்தின் மென்பொடி சாணையின் முகத்தில் அப்பிக்கொள்ளுமாதலின், அடிக்கடி நிறுத்தி நோக்குதல் நன்று. அக்ரிலிக் முதலிய பிளாஸ்டிக் வகைகளோ நேர்மாறானவை. அக்ரிலிக் 100 பாகை செல்சியஸை அடுத்து இளகத் தொடங்கும். வேகம் மிகுந்தால் உராய்வுச் சூட்டில் உருகி, வட்டு கடந்த பின் பிளவு மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அறுத்தவன் அறுத்தோமென்றிருப்பான், தகடு அறுபட்டிராது. ஆதலின் குறைந்த வேகமும் இடையிடையே ஓய்வும் வேண்டும். மூலைகளில் முன்னரே சிறு துளையிட்டால், விரிசல் ஓடாது நிற்கும். பி.வி.சி. தகடு மிகச் சூடேறினால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி எழுமாதலின், காற்றோட்டமற்ற அறையில் அதனை அறுத்தல் தகாது.

இவற்றைக் கற்க எனக்கு ஒரு பிற்பகலே ஆயிற்று. அப்பிற்பகல் ஒரு வாரம் முன்னர் வந்திருந்தால், என் தோழர் புருவத்தில் வடு இராது.

இனி, எதிர்ப்போர் கூற்றை ஆராய்வோம். 'இத்துணை இடர் உடையதாயின், பழகாத மாணவர்க்கு அக்கருவியைத் தடைசெய்துவிடலாமே' என்பார் உளர். தடை விதித்தால் கருவி மறையாது. அதனைப் பயன்படுத்தும் இடமே மாறும். பகலில் பட்டறையில் நிகழ வேண்டியது இரவில் விடுதியறையில் நிகழும். எமக்கு நேர்ந்தது அதுவே. இணையவழியிலும் எளிதாகக் கிடைக்கும் ஒரு கருவியைப் பூட்டி வைப்பது பயன் தராது. அதனைப் பழக்குவதே காப்பாகும்.

'கைவாளும் அரமும் இருக்க மின்கருவி எதற்கு?' என்பார் வேறு சிலர். இவர் கூற்றில் உண்மை உண்டு. நீண்ட நேர்கோட்டை விளிம்பிலிருந்து அறுக்கக் கைவாளே ஏற்றது. சிறு சாணையால் அதனைச் செய்வோன் வட்டுகளைத் தேய்த்துக் காசை இழப்பான். ஆனால் தகட்டின் நடுவே தொடங்கும் சாளரத்தைச் சட்டமிட்ட இரும்பறுவாள் அணுக இயலாது. எவ்வேலைக்கு எக்கருவி என்றறிவதே கல்வி. அவ்வறிவு இரண்டையும் கையிலெடுத்துப் பார்த்தவனுக்கே வரும்.

'வரைபடம் கொடுத்தால் லேசர் வைத்திருப்போர் நொடியில் அறுத்துத் தருவரே' என்பது மூன்றாங் கூற்று. தருவர், நம்மினும் செவ்வையாகத் தருவர். நூறு தகடு வேண்டுவோர் அங்கே செல்க. ஒரு தகடு வேண்டுவோன், அதனைத் தானே அறுத்தால், தகட்டோடு பொறுமையையும் பெறுகின்றான். பொழிப்புரை விற்பனைக்குக் கிடைக்கின்றதென்று நாம் பாட்டைப் படியாது விடுகின்றோமா?

எனவே, கல்லூரியைச் சார்ந்த அனைவர் முன்னும் மூன்று வேண்டுகோளைப் பணிவுடன் வைக்கின்றேன். ஒன்று: வாரத்தில் ஒரு பிற்பகல், எப்பிரிவு மாணவரும் புகுமாறு பட்டறை திறந்திருத்தல் வேண்டும். இரண்டு: இரு இணைக் கண்காப்பின்றி எச்சுழல் கருவியும் பட்டறையிலிருந்து இரவலாக வெளிச்செல்லலாகாது, ஒன்று அறுப்பவனுக்கு, மற்றொன்று அருகிருப்பவனுக்கு. இதற்கு ஆகும் செலவு விழாவிற்கு நாம் வாங்கும் மாலைகளின் விலையினும் குறைவே. மூன்று: பட்டறையில் நமக்குக் கற்பிப்பவரை நாம் ஆசிரியராக மதித்தல் வேண்டும். எனக்குக் குருந்தத்தின் பயனையும், குறளின் உவமையையும் விளக்கியவர் பட்டமேதும் பெறாதவர். ஆசிரியர் பெயர்கள் பொறித்த கல்லூரிப் பலகையில் அவர் பெயர் இல்லை. மேற்கூறிய இரண்டிற்கும் பணம் வேண்டும். இம்மூன்றாவதற்கு நம் மனமே போதும்.

பழைய மாணவப் பெருமக்களுள் தொழிலகங்களில் உயர்நிலையில் உள்ளோர் பலர். அன்னார் ஆண்டு விழாவிற்கு வரும்பொழுது மேடையில் உரையாற்றுவதோடு அமையாது, ஒரு நாழிகை பட்டறையிலும் நின்று தாம் கற்றவற்றுள் ஒன்றைக் கற்பிப்பாராயின், அவ்வுரையினும் அஃது எம் உள்ளத்தில் நெடுநாள் நிற்கும்.

வினாப் பெட்டி இன்றும் விடுதியில் உள்ளது. அதன் சாளரத்தின் மூன்று பக்கங்கள் கோணலானவை. நான்காவது பக்கம் மட்டும் நேரானது. அப்பக்கத்தைப் பின்னர் அரத்தால் அராவி முடித்தவர் என் தோழரே. கண்காப்பு அணிந்துகொண்டு அவர் அதனைச் செய்து முடிக்கும்வரை, யான் மற்றொரு கண்காப்பை அணிந்து அருகில் நின்றேன்.